மோகனப்ரியா கல்யாணத்துக்கு அம்மா வரலாமா?

விஜயநகர், மைசூரு
9 ஜூலை 2025

மகேந்திரனுக்கு,

நீ என் போனை எடுக்க மாட்டாய். வாட்ஸப்பில் அனுப்பியதையும் திறக்கவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் அத்தனை பேர் முன்னால் கத்திவிட்டுப் போனவன் நீ. முறையாகப் பார்த்தால் கோபித்துக்கொண்டு உட்கார வேண்டியவள் நான். அதனால் காகிதத்தில் எழுதி, ஹனூரிலிருந்து மார்க்கெட்டுக்குத் தக்காளி ஏற்றி வரும் மஞ்சுநாத்தின் வண்டியில் கொடுத்தனுப்புகிறேன். கைக்கு வந்த கவரைப் பிரிக்காமல் வைத்திருக்கும் பொறுமை உனக்குக் கிடையாது.

அம்மாவை நேற்று வீட்டுக்கு அனுப்பினார்கள். இப்போது என் வீட்டுச் சோபாவில் காலை நீட்டி உட்கார்ந்து, தெருவில் போகிற கார்களுக்கெல்லாம் குறை சொல்லிக்கொண்டிருக்கிறாள். மூச்சு சரியாகிவிட்டது. கால் வீக்கம் வற்றிவிட்டது. ஆனால் இந்த வருஷத்தில் இது மூன்றாவது தடவை. டாக்டர் என்னையும் உன் மாமாவையும் உட்கார வைத்துப் பேசினார். இதயம் பம்ப் செய்யும் பலம் குறைந்துவிட்டதாம். அதனால் உடம்பில் நீர் தங்கி நுரையீரல் வரை ஏறுகிறதாம். இப்படி வந்து படுக்கும் ஒவ்வொரு முறையும் இதயம் இன்னும் கொஞ்சம் தளர்ந்து போகும், நான்காவது தடவை வராமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். எப்படிப் பார்த்துக்கொள்வது என்று மட்டும் சொல்லவில்லை.

ஆகவே நானே முடிவு பண்ணிவிட்டேன். அம்மா இனி இங்கேதான். இங்கிருந்து ஆஸ்பத்திரி கூப்பிடு தூரம். உங்கள் தோட்டத்திலிருந்து கிளம்பினால் கொள்ளேகால் தாண்டுவதற்குள் அவளுக்கு உயிர் போய் உயிர் வருகிறது.

இன்னொன்று. ஆவணியில் உன் மகள் கல்யாணம். குண்டலுபேட்டை வரை பஸ்ஸில் குலுங்கி, மண்டபத்தில் கண்டதைத் தின்று, மறுநாள் ஆம்புலன்ஸில் ஏற அம்மா வரமாட்டாள். வீடியோவில் பார்க்கட்டும். நீ திட்டுவாய். திட்டு.

அக்கா,
தீபா


ஹனூர்
13 ஜூலை 2025

அக்காவுக்கு,

கவரை உடனே பிரித்துவிட்டேன். அது ஒன்றில் நீ ஜெயித்தாய்.

எழுதுவது எனக்கும் பிடித்துப்போய்விட்டது. போனில் நான் ஒரு வார்த்தை பேசுவதற்குள் நீ பத்து வார்த்தை பேசுவாய். இங்கே நான் முடிக்கிறவரை நீ வாயைத் திறக்க முடியாது. மஞ்சுநாத் வண்டி நாள் தவறாமல் ஓடட்டும்.

அம்மாவைக் காப்பாற்ற உனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைக்காதே. தோட்டத்தில் இருக்கும்வரை அவளுக்கு என்ன குறை வந்தது? விடிந்தால் மஞ்சள் காட்டில் நின்று ஆள்களை விரட்டுகிறாள். ரூபா உப்பைக் குறைத்துத்தான் சமைக்கிறாள். அதற்குத் தினமும் மாமியாரிடம் வசவு வாங்குகிறாள். எங்கேயாவது வெளியே போய் வந்தால்தான் கால் வீங்குகிறது. தை அமாவாசைக்கு மாதேஸ்வரன் மலைக்குப் போய் வந்தாள், படுத்தாள். கொள்ளேகாலில் காதுகுத்துக்குப் போய் வந்தாள், படுத்தாள். இந்த முறை எங்கே போனாள்? உன் ஆஸ்பத்திரி செக்கப்புக்கு! வருகிறபோதே கால் இரண்டும் வீங்கி, வந்த இடத்திலேயே கட்டிலில் போட்டுவிட்டார்கள். வெளிச் சாப்பாட்டு உப்புதான் காரணம் என்று எனக்குப் படுகிறது. ஆனால் செக்கப்புக்கு வந்த அன்று அவள் ஒன்றுமே சாப்பிடவில்லை, தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. அதுதான் புரியவில்லை.

மோகனப்ரியாவிடம் உன் கடிதத்தைக் காட்டவில்லை. ரூபா வாய் தவறிச் சொல்லிவிட்டாள். அப்பத்தா வராத மேடையில் நான் ஏறமாட்டேன் என்று கதவைச் சாத்திக்கொண்டாள். வீடியோவாம் வீடியோ. அவளைப் பிறந்ததிலிருந்து தூக்கி வளர்த்தது அம்மாவா, உன் செல்போனா?

அம்மாவை அனுப்பி வை. இல்லையென்றால் நானே வந்து தூக்கிக்கொண்டு வருவேன்.

மகேந்திரன்


விஜயநகர்
20 ஜூலை 2025

மகேந்திரா!

கண்டுபிடித்துவிட்டேன்! ரூபாவையும் கூப்பிட்டு உட்கார வைத்து, அவளை உரக்கப் படிக்கச் சொல்லிக் கேள். நீ தனியாகப் படித்தால் வெட்கப்பட்டுப் பாதியில் மடித்து வைத்துவிடுவாய்.

நேற்று நஞ்சன்கூடு கோயிலுக்குப் போகலாம் என்று அம்மா சொன்னாள். கார் சர்வீஸுக்குப் போயிருந்தது, பஸ்ஸில் போகலாம் என்று கிளம்பினோம். முக்கால் மணி நேரப் பயணம். காலையில் என் பிரஷர் மாத்திரையை வாயில் போடப் போனேன். அம்மா ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கண்ணு, உன்ற மாத்திரையும் இன்னைக்குப் போடாத."

"ஏம்மா?"

"வெளிய போறமுல்ல. போட்டுட்டுப் பஸ்ல உக்காந்தா வழியில எங்க எறங்குவ?"

எனக்கு ஒன்றும் ஓடவில்லை. பிறகுதான் மெதுவாகக் கேட்டேன். நீர் பிரிய ஒரு சின்ன வெள்ளை மாத்திரை கொடுத்திருக்கிறார்கள் இல்லையா, அதைப் போட்டால் அரை மணிக்கு ஒரு தரம் எழுந்து போக வேண்டியிருக்கிறது. பஸ்ஸில் என்ன செய்வாள்? அதனால் ஊருக்குக் கிளம்பும் முன்பே நிறுத்திவிடுகிறாள்.

"கெளம்பற அன்னைக்கு மட்டும் நிறுத்துனா பத்தாது அம்மிணி. ரெண்டு நாளைக்கு முன்னயே நிறுத்திப்போடோணும். அப்பத்தான் ஒடம்பு காயும்."

எனக்குக் கற்றுக்கொடுக்கிறாள்! போன இடத்திலும் போடுவதில்லையாம். விசேஷ வீட்டில் ஒரே பாத்ரூம், வாசலில் ஆண்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார்கள். அவர்களைத் தாண்டி அடிக்கடி எப்படிப் போவது? வீடு திரும்பியபிறகுதான் மறுபடி ஆரம்பிக்கிறாள். அதற்குள் நீர் கோத்துக்கொண்டு மூச்சு முட்டிவிடுகிறது.

மலை, காதுகுத்து, செக்கப். நீ எழுதியதை எடுத்து வைத்துப் பார்த்தேன். மூன்றும் அச்சாகப் பொருந்துகிறது. நாம் நாலு மணி நேரம் பஸ்ஸில் ஏற்றி டாக்டரிடம் காட்டக் கூட்டி வந்தோமே, அந்தப் பயணம்தான் அவளைக் கட்டிலில் தள்ளியிருக்கிறது!

டாக்டரிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "அந்த ஆம்பளப் பையங்கிட்ட இதையெல்லாம் எப்படிச் சொல்றது?" என்றாள். உன்னிடம்? "அவங்கிட்டயா!" என்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நீ எத்தனை கவனமாகப் பார்த்துக்கொண்டாலும் இது உன் காதுக்கு வந்திருக்காது. நானும் பஸ் ஏறும் நாளில் தண்ணீர் குடிக்க மாட்டேன். நம் பக்கத்தில் எந்தப் பெண்தான் குடிக்கிறாள்? கண்முன்னால் இருந்தும் எனக்கே தோன்றவில்லை.

உப்பு இல்லை, வயது இல்லை, விதியும் இல்லை. ஒரு பாத்ரூம்! எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வருகிறது.

தீபா


ஹனூர்
24 ஜூலை 2025

அக்கா,

ரூபாதான் படித்தாள். நான் பாதியில் எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டு வந்து மீதியைக் கேட்டேன். என் பைக்கில் எத்தனை தரம் பின்னால் உட்கார்ந்து வந்திருப்பாள். ஒரு தரம்கூட நிறுத்தச் சொன்னதில்லை.

மறுநாளே நம்மூர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஓடினோம். சர்க்கரை, பிரஷர் பார்க்கும் நாள், நல்ல கூட்டம். புதிதாக வந்திருக்கும் டாக்டர் சுசித்ரா கன்னடத்தில்தான் பேசுவார். நான் கன்னடத்தில் மழை, மஞ்சள், உரம் எல்லாம் பேசினேன், விஷயத்துக்கு மட்டும் வர முடியவில்லை. ரூபா என்னை வெளியே போகச் சொல்லிவிட்டு இரண்டே வாக்கியத்தில் சொல்லிவிட்டாள். உள்ளேயிருந்து டாக்டர் மேஜையைத் தட்டுகிற சத்தம் கேட்டது. என்னைக் கூப்பிட்டு, "இதை யாராவது எனக்கு முன்னாடியே சொல்லியிருக்கலாமே!" என்றார். இப்படி நிறுத்துகிற பெண்கள் இன்னும் எத்தனை பேரோ, இனி எல்லோரிடமும் கேட்கப் போகிறேன் என்றார்.

கேள், இதுதான் முக்கியம். அந்த மாத்திரையின் வேகம் சில மணி நேரம்தானாம். பயணம் இருந்தால் போய்ச் சேர்ந்தபிறகு போட்டுக்கொள்ளலாம். நேரத்தைத் தள்ளலாம், நாளைத் தள்ளக்கூடாது. இவ்வளவுதான் அக்கா! தினமும் காலையில் எடை பார்க்க வேண்டும். இரண்டு மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் அது சதை இல்லை, நீர். மூச்சு முட்டும்வரை காத்திருக்காமல் அன்றைக்கே அவரிடம் போக வேண்டும். மாத்திரை அங்கேயே கொடுக்கிறார்கள். மைசூர் டாக்டரோடு அவரே போனில் பேசிக்கொள்கிறாராம். மாதா மாதம் பஸ் ஏற வேண்டாம்.

எடை மெஷின் வாங்கச் சொன்னார். நம்மிடம்தான் மஞ்சள் மூட்டை போடுகிற மெஷின் இருக்கிறதே! துடைத்து வைத்துவிட்டேன்.

அங்கிருந்து நேரே குண்டலுபேட்டைக்குப் போனேன். சம்பந்தி அய்யாவு ஆசையாக மண்டபத்தைக் காட்டினார். மேடையைப் பாருங்க என்றார், நான் பாத்ரூம் எங்கே என்றேன். சமையல்கட்டைப் பாருங்க என்றார், நான் கீழ்த்தளத்தில் உட்காரும் கக்கூஸ் இருக்கிறதா என்றேன். மனிதர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். இருக்கிறது. மணப்பெண் அறைக்குப் பக்கத்திலேயே, ஆம்பளைகள் கண்ணில் படாத இடத்தில். அதைப் பார்த்தபிறகுதான் எனக்குக் கல்யாணக் களையே வந்தது.

இப்போதாவது அனுப்பு.

மகேந்திரன்


விஜயநகர்
29 ஜூலை 2025

மகேந்திரா,

நீ குதிப்பது இங்கே வரை கேட்கிறது. நானும்தான் குதித்தேன். பிறகு அம்மாவின் பெட்டியை எடுத்து வைக்கப் போனதும் கை வரவில்லை.

ஆஸ்பத்திரியில் சேர்த்த அந்த ராத்திரி நீ பக்கத்தில் இல்லை. படுக்க முடியாமல், உட்காரவும் முடியாமல், ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு மூச்சுக்கு அலைந்தாள். என்னைப் பார்த்து ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள், வார்த்தை வரவில்லை. இன்னொரு முறை அதைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. உன் சுகாதார நிலையத்தின் மேல் எனக்குக் கோபமில்லை. பயம்தான்.

இங்கே டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவரும் சுசித்ரா சொன்னது சரி என்றார். பக்கத்தில் இருந்து அன்றாடம் பார்க்கிற ஒருவர்தான் தேவை, எங்களிடம் வருவதற்குள் பாதி முற்றிவிடுகிறது என்று ஒப்புக்கொண்டார். உன் மாமா வேறு, "உன் அம்மாவை ஹனூருக்கு அனுப்பு, இல்லையென்றால் ஒரு மஞ்சள் காட்டை இங்கே வாங்கு" என்று கிண்டல் செய்கிறார். அம்மா எங்கள் வாசல் தொட்டிச் செடிகளுக்குக் களை எடுக்க ஆள் தேடிக்கொண்டிருக்கிறாள்.

சரி. வருகிற வியாழன் காரில் கொண்டுவந்து விடுகிறேன். வழியில் எங்கெங்கே நிறுத்தலாம் என்று பார்த்து வைத்துவிட்டேன். ஆனால் வீட்டுக்குத்தான் அனுப்புகிறேன், கல்யாணத்துக்கு இல்லை. ஒரு தரம் எடை ஏறி, அதை நீங்கள் அங்கேயே இறக்கிக் காட்டுங்கள். பிறகு பேசலாம்.

தீபா


ஹனூர்
9 ஆகஸ்ட் 2025

அக்கா!

இறக்கிவிட்டோம்!

ஆடிப் பதினெட்டுக்கு ரூபாவின் அம்மா கருவாடு கொண்டுவந்தார்கள். நான் காட்டில் இருந்தேன். ரூபா சமையல்கட்டில் இல்லாத நேரம் பார்த்து அம்மா புகுந்து விளையாடியிருக்கிறாள். மறுநாள் மெஷினில் ஏறச் சொன்னால், "மெஷின் கெட்டுப்போச்சு" என்றாள். நான் ஒரு மூட்டையைப் போட்டுக் காட்டினேன். மூட்டை சரியாகக் காட்டியது. அதற்கடுத்த நாளும் ஏறியது. கணுக்காலில் விரலை வைத்து அழுத்தினால் குழி. உனக்குப் போன் பண்ணவில்லை, வேண்டுமென்றேதான். நேரே பைக்கில் சுகாதார நிலையம்.

டாக்டர் அம்மாவைப் பார்த்ததும், "அஜ்ஜி, மாத்ரெ தகொண்ட்ரா?" என்றார். "தகொண்டெ தகொண்டெ" என்று, மாத்திரை போட்டுவிட்டதாக அம்மா தலையை ஆட்டினாள். "கருவாடு?" அதற்கு அம்மா சுவரிலிருந்த காலண்டரைப் பார்க்க ஆரம்பித்தாள். நெஞ்சில் வைத்துக் கேட்டார், ரத்தம் எடுத்தார், சில நாளைக்கு மாத்திரையைக் கூட்டிக் கொடுத்தார். தினமும் கிராம சுகாதாரம் பார்க்கிற ஆஷா அக்கா வீட்டுக்கே வந்து பார்த்தார்கள். இன்று காலை எடை பழைய இடத்துக்கு வந்துவிட்டது. கால் வற்றிவிட்டது. அம்மா தன் கட்டிலில் படுத்துத் தூங்கினாள் அக்கா! ஆஸ்பத்திரிக் கட்டிலில் இல்லை. முன்பெல்லாம் மூச்சு முட்டியபிறகுதானே நமக்கே தெரியும்? இந்தத் தடவை மூச்சு முட்டவே இல்லை. நான் களத்தில் நின்று ஒரு கூச்சல் போட்டேன், மாடு மிரண்டுவிட்டது.

ஆனால் ஒரு வம்பு. அம்மாவே கல்யாணத்துக்கு வரமாட்டேன் என்கிறாள்.

"போய்ச் சேந்து போட்டுக்கலாம்ங்கற. பஸ்சு எத்தன மணிக்குப் போய்ச் சேருமோ? நடுவுல முட்டுச்சுன்னா? சம்பந்தி ஊட்டு பஸ்ச நிறுத்தச் சொல்லி, அத்தன பேரு பாக்க நான் எறங்கோணுமா? நீங்க போய்ட்டு வாங்க சாமி. நான் மாட்டப் பாத்துக்கறன்."

காரில் கூட்டிப் போகிறேன் என்றேன். எல்லாப் பெண்களும் பஸ்ஸில் வர, தான் மட்டும் நோயாளி மாதிரிக் காரில் வரமாட்டாளாம். மோகனப்ரியா அழுதாகிவிட்டது. நான் வாயைத் திறந்தாலே முந்தானையை முகத்தில் போட்டுக்கொள்கிறாள். இது நீ பேச வேண்டிய பேச்சு. நீ அவளை அனுப்பமாட்டேன் என்றாய். இப்போது நீதான் வந்து அவளை அழைத்துக்கொண்டு போக வேண்டும். தயவுசெய்து வா.

மகேந்திரன்


விஜயநகர்
7 செப்டம்பர் 2025

தம்பி மகேந்திரனுக்கு,

கல்யாணம் முடிந்தும் நீ விடவில்லையாம். காலையிலேயே கிளம்பிய பெண்வீட்டு பஸ் ஏன் அவ்வளவு தாமதமாக வந்தது என்று ஆளாளுக்குக் கேட்கிறாயாம். ஒருத்தி டயர் பஞ்சர் என்றாளாம், ஒருத்தி ஆட்டு மந்தை என்றாளாம். நீ முதல்நாளே மண்டபத்துக்குப் போய்விட்டாய். வந்து சேர்ந்ததும் சொல்லலாம் என்றால் சம்பந்தி உன் பக்கத்திலேயே நின்றார். அதனால் எழுதுகிறேன். மறுபடியும் ரூபாவையே படிக்கச் சொல்.

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் வந்து பேசியது ஒன்றும் எடுபடவில்லை. கடைசியில் ஒரு ஒப்பந்தம் போட்டேன். அம்மாவுக்கு முட்டினால் என் காலைக் கிள்ளுவாள். உடனே நான் வாந்தி வருகிறது என்று கத்தி பஸ்ஸை நிறுத்துவேன். அவள் எனக்குத் துணையாக இறங்குவதுபோல இறங்குவாள். யாருக்கும் தெரியாது. அதற்குச் சம்மதித்துத்தான் பட்டுச்சேலை கட்டினாள்.

பஸ் மத்தியானம் வரும் என்று நீதானே சொன்னாய்? அதை நம்பி வழக்கம்போலக் காலையில் மாத்திரையைக் கொடுத்தேன். கிளம்புவதற்குள் அதன் வேகம் அடங்கிவிடும் என்று கணக்கு. சம்பந்தி பஸ்ஸைக் காலையிலேயே அனுப்பிவிட்டார்! மாத்திரை உள்ளே போன கையோடு வாசலில் ஹாரன். அம்மா ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். கொள்ளேகாலில் இறங்கலாமா என்றேன். வேண்டாம் என்றாள், அங்கே சொந்தக்காரர்கள் நிற்பார்களாம்.

பிறகு நடந்ததுக்கு நீ என்னைத் திட்டலாம். முந்தைய நாளெல்லாம் பூக்கட்டி, பலகாரம் அடுக்கி, கண்ணே திறக்க முடியவில்லை. காற்று முகத்தில் பட்டதும் தூங்கிவிட்டேன். வாந்தி எடுக்க வேண்டியவள் குறட்டை விட்டிருக்கிறேன். அம்மா என்னைக் கிள்ளவில்லை.

பாட்டுச் சத்தம் சட்டென்று நின்றதும்தான் விழித்தேன். அம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு பஸ்ஸின் நடுவே நின்றுகொண்டிருந்தாள்.

"டிரைவர் தம்பி, வண்டிய நிறுத்து."

"அஜ்ஜி, சாமராஜநகர்ல டீக்கு நிறுத்துவேன். இன்னும் கொஞ்ச தூரம்தான்."

"டீக்கில்ல. நான் நீர் மாத்திரை போட்டிருக்கறன். எனக்கு இப்ப எறங்கோணும். அந்தப் பெட்ரோல் பங்க்குல நிறுத்து."

இதைவிட விளக்கமாக யாரும் சொல்ல முடியாது. முன்சீட்டில் உட்கார்ந்திருந்த ஆண்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்கள். எனக்கு முகம் சுட்டது. அம்மா மட்டும் நேராக நின்றாள். டிரைவர் வண்டியை பங்க்குக்குள் திருப்பினார்.

நான் அவளைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன். பாத்ரூம் கதவருகே போய்த் திரும்பிப் பார்த்தேன். ரூபா இறங்கி வந்துகொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் அவள் தங்கை. அதற்குப் பின்னால் பக்கத்துத் தோட்டத்துப் பெண்கள், பெரியவர்கள், கைக்குழந்தைக்காரி, கடைசியில் நகையும் பூவுமாக உன் மகள்! பஸ்ஸில் பெண் என்று ஒருத்திகூட மிச்சமில்லை. வரிசை பெட்ரோல் போடுகிற இடம் வரை நின்றது. பங்க் பையன் பைக்கில் வந்தவர்களை எல்லாம் வேறு பக்கம் போகச் சொல்லிக்கொண்டிருந்தான். "நானும் அப்பலேர்ந்து அடக்கிக்கிட்டுத்தான் வந்தன்" என்று ஒருத்தி ஆரம்பித்தாள். அவ்வளவுதான், ஆளுக்கு ஒரு கதை. மோகனப்ரியா சிரித்துச் சிரித்துக் கண்மை கலைந்துவிட்டது. உன் தாமதம் இதுதான்.

அம்மா சாவகாசமாகக் கை கழுவிக்கொண்டு வெளியே வந்தாள். மண்டபத்திலும் சரி, மறுநாளும் சரி, மாத்திரையை அவளே கேட்டு வாங்கிப் போட்டாள். இன்று காலை மெஷினில் எடை ஏறவில்லை என்று ரூபா சொன்னாள். என் பயம் போய்விட்டது மகேந்திரா. அம்மா உங்களோடேயே இருக்கட்டும்.

ஒன்றே ஒன்று சொல்லி முடிக்கிறேன். வரிசையில் உன் மகளுக்கு முன்னால் நம் சின்னம்மா சுந்தராம்பாள் நின்றுகொண்டிருந்தாள், அம்மாவின் கூடப்பிறந்த தங்கை. போன மாதம் அவளும் மூச்சு முட்டி ஆஸ்பத்திரியில் கிடந்தாளே, ஞாபகம் இருக்கிறதா? அம்மா பக்கத்தில் வந்ததும் அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்.

"அக்கா, அந்த வெள்ள மாத்திரையா? எனக்கும் அதேதான் குடுத்திருக்கறாங்க. கல்யாணத்துக்கு வரோணும்னு நான் ரெண்டு நாளா போடல."

அம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். சேலையை விலக்கி, அவள் கணுக்காலில் விரலை வைத்து அழுத்திப் பார்த்தாள். பிறகு அத்தனை பெண்களுக்கும் கேட்கும்படி சத்தமாகச் சொன்னாள்.

"பையில இருக்குதா? எடுத்துப் போடு. வண்டி நிக்கும்."

அக்கா,
தீபா